ஆராயியின் வலது கை

விருத்தாசலத்தில் தேவநாதனின் பீங்கான் பட்டறையில் சூளையைத் திறக்க ஆராயியின் வலது கையைத்தான் கேட்பார்கள். நெருப்பை அணைத்தபின் இரும்புக் கதவில் அவள் உள்ளங்கையை வைப்பாள். சுட்டால் யாரும் தொடக் கூடாது; கை தாங்கினால் திறக்கலாம். அதற்கு முன்னால் சரக்கெடுக்க உள்ளே போனால் வெந்துதான் வெளியே வரவேண்டும். கூட வேலை பார்த்த பானுமதி அப்படித்தான் செத்தாள்.

கம்மாபுரம் பக்கம் ஆராயிக்கும் தம்பி ராஜ்மோகனுக்கும் நிலம் இருந்தது. அது நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனதும் அக்கா சூளைக்கு வந்தாள். தம்பி முதலாளிமாருக்குத் தடி தூக்கப் போனான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தில் அன்பரசி டீச்சர் வகுப்பெடுப்பார். சீமையில் ஆடு வளர்க்கக் குடியானவனை நிலத்தைவிட்டு விரட்டியது, அவன் மில்லில் போய் மாட்டியது, மெஷினை உடைத்தவனைத் தூக்கில் போட்டது, 'மெஷின்மேல் என்ன கோபம், அது யார் கையில் இருக்கிறது, அதைப் பார்' என்று பின்னால் வந்தவர்கள் எழுதியது, எல்லாம் சொல்வார்.

"அங்க ஆட்டுக்கு, எங்களுக்குக் கரிக்கு. அவ்ளோதான் டீச்சர்" என்பாள் ஆராயி.

"கூலிக்காரன அடிக்க இன்னொரு கூலிக்காரனத்தான் அனுப்புவாங்க" என்றார் டீச்சர் ஒருநாள்.

"எந்தம்பி என்னத் தொடமாட்டான்" என்று சிரித்தாள் ஆராயி. அந்த நம்பிக்கையில்தான் மோசம்போனாள்.

ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. கொதிக்கிற சூளையைத் திறக்கச் சொன்னான் தேவநாதன். பெண்கள் மறுத்துக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ராஜ்மோகன் ஆட்களோடு வந்து இறங்கினான். கேள்வி இல்லை, பேச்சு இல்லை, தடிதான் பேசியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வளர்மதியின் மண்டை உடைந்தது. ஆராயி மட்டும் நகரவில்லை.

"தள்ளுக்கா. ஆறிடுச்சுன்னு மொதலாளி சொல்றாரு."

"ஆறலடா. பானுமதிய மறந்துட்டியா?"

"என்னடா அங்க அக்கா தம்பி கொஞ்சல்?" என்று பின்னாலிருந்து கத்தினான் தேவநாதன்.

ராஜ்மோகன் அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தான். "எங்க, வச்சித்தான் காட்டேன்" என்று கதவில் வைத்து அழுத்தினான். அடப் பாவி, கூடப் பிறந்தவளை! அவள் அலறியது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். கையை இழுத்தபோது தோல் கதவிலேயே ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்ததும் அவன் கூட்டிவந்த ஆட்கள் தடியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அன்றைக்குச் சூளை திறக்கவில்லை.

புண் ஆறியது. ஆனால் உள்ளங்கையில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது.

அடுத்த அவசர ஆர்டருக்குத் தேவநாதனே வந்து நின்றான், பக்கத்தில் ராஜ்மோகன். "ஆராயி, கைய வை."

வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"தாங்குதுல்ல? தொறங்கடி!"

உள்ளே போகிற முறை வளர்மதியுடையது. ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். ஆராயி இடது கையை வைத்துப் பார்த்தாள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சுடுதுங்க."

"வழக்கப்படி உன் வலது கைதான் கணக்கு" என்று சிரித்தான் தேவநாதன்.

ஆராயிக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ! உணர்ச்சி செத்த அதே கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கதவில் வைத்து அழுத்தினாள்.

"டேய் ராஜ்மோகன், இழுடா இவள!"

ராஜ்மோகன் அக்காவின் கையைப் பார்த்தான். நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஆறல! ஆறல! வுடுடி!"

"நல்லாச் சொல்லுங்க மொதலாளி, எல்லாருக்கும் கேக்கட்டும்."

போலீஸ் வந்தது. ஜீப்பில் ஏறும்போது ஆராயி திரும்பினாள்.

"வளரு, இனிமே நீ கை வச்சிப் பாரு. சுட்டா, யார் சொன்னாலும் தொறக்காத."