கோடி வீட்டுக்காரர்

சைபர் அக்காவுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. போன வாரம் பார்க்கப் போனபோது மருந்துக்கடைப் பில்லை மடியில் வைத்துக்கொண்டு, பென்சில் முனையால் ஒவ்வொரு சைபருக்கும் அடியில் ஒரு புள்ளி குத்திக்கொண்டிருந்தார். வேலையை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகியும் சைபரை எண்ணிச் சரிபார்க்கும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

இருபத்திரண்டு வருஷம் நாங்கள் ஒரே வாரப் பத்திரிகையில் குப்பை கொட்டினோம். அவர் பணக்காரர்களைப் பற்றி எழுதுவார், நான் படம் எடுப்பேன். அச்சகத்துக்கு மேல் மாடியில்தான் அலுவலகம். கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மேசைமேல் இருக்கும் டீ கிளாஸ் தானாக நகர்ந்து அடுத்தவர் பக்கம் போய்விடும். யார் டீயை யார் குடித்தார்கள் என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. அந்தச் சத்தமும் மை வாசனையும் திரும்பக் கிடைக்குமென்றால் இன்றைக்கும் அந்த மாடிப்படி ஏறிவிடுவேன்.

அக்கா முதலில் சேர்ந்தது காய்கறி மொத்த விலை எழுத. பணக்காரர் பக்கம் வேண்டும் என்று கேட்டபோது ஆசிரியர் சிரித்தாராம். "பொம்பளப் பிள்ளைகிட்ட எவன்மா தன் சொத்தைச் சொல்லுவான்?" பணக்காரர்கள் சொல்லத்தான் செய்தார்கள். என்னைப் பார்த்துச் சொன்னார்கள். கேள்வி கேட்பது அக்கா, பதில் வருவது மூலையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருக்கும் ஆம்பளையான எனக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவோ, "நீ தலையை ஆட்டிக்கிட்டே இரு, நான் எழுதிக்கிறேன்" என்பார்.

எவ்வளவு இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்டதில்லை. "கடைசியா எதை ஆசைப்பட்டு வாங்காம விட்டீங்க?" இந்த ஒரு கேள்விதான். பரம்பரைப் பணக்காரர் திருதிருவென்று விழிப்பார். தானே சம்பாதித்தவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார், விலையோடு. அதை வைத்தே மீதி ஜாதகத்தை அக்கா கணித்துவிடுவார்.

வீட்டில் இந்தப் பாச்சா பலிக்காது. இரண்டாவது மாடியில் இரண்டு வாடகை அறைகள். ஒவ்வொரு இதழ் வந்ததும் அவருடைய அம்மா, "நம்மள எத்தனாவது இடத்துல போட்டிருக்க?" என்று கேட்பார். கணவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவி அடுக்கும் உதவியாளர், வாய் பேசாத சாது. "எனக்கு ரெண்டு வீட்டுக்காரங்க. ஒருத்தருக்கு வாடகை கொடுக்கணும், இன்னொருத்தருக்குச் சோறு போடணும். ரெண்டு பேருமே சுவத்துல ஆணி அடிக்க விடமாட்டாங்க" என்று அக்கா சொல்வார். கணவர் அதற்கும் சிரிப்பார்.

'பின்பக்கம்' அவர் தொடங்கிய பகுதி. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பணக்காரர் பெயர் சொல்லாமல் தன் கதையைச் சொல்வார். படத்தில் முதுகு மட்டும் இருக்கும். நான் எடுத்த முதுகுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அக்கா அதில் ரொம்பக் கறார். "பேரும் இல்ல, முகமும் இல்ல. நம்மகிட்ட இருக்கிறது நிஜம் மட்டும்தான். அதுல கை வச்சா கடையைச் சாத்திட்டுப் போயிடலாம்." பதினோரு வருஷம் ஒரு திருத்தம்கூட வந்ததில்லை. வரவைத்த புண்ணியவான் நான்.

அந்த வாரம் அக்காவுக்குக் காய்ச்சல். நாற்பது கோடி வைத்திருந்த ஒரு பொத்தான் ஆலை முதலாளியிடம் போனிலேயே பேசி எழுதிவிட்டு, படம் எடுக்க என்னை மட்டும் அனுப்பினார். "மூணாவது குறுக்குத் தெரு. கோடி வீட்டுக்காரர்னு கேளு, காட்டுவாங்க."

அந்தத் தெருவின் நடுவில் முதலாளி கோடி ரூபாயில் கட்டிய மாளிகை ஒன்று இருந்தது. தெருவே அதைக் 'கோடி வீடு' என்றுதான் சொல்லும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் கேட்ட இஸ்திரிக்காரர் அங்கே வந்து நாலே நாள் ஆகியிருந்தது. கோடி வீடு என்றதும், தலையைக்கூடத் தூக்காமல் கையை நீட்டித் தெருக்கோடியைக் காட்டிவிட்டார்.

கோடியில் ஒரு சின்ன வீடு. வாசல் படியில் பனியனோடு ஒரு பெரியவர், உடைந்த குடைக்கம்பியை நூலால் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது கோடியை வைத்துக்கொண்டு குடைக்கம்பி கட்டுகிறாரே, இவரல்லவா மனுஷன் என்று எனக்கு ஒரே பூரிப்பு. "பத்திரிகையிலேருந்து வர்றேன். முதுகை மட்டும் படம் எடுக்கணும்" என்றேன். "முதுகா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அவர். சங்கத்திலிருந்து ஏதோ ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டாராம். சாயங்கால வெயிலில் தோள் எலும்பு இரண்டும் பனியனுக்கு மேல் தெரிந்தன. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

இதழ் வந்த அடுத்த புதன்கிழமை பொத்தான் முதலாளி போன் செய்தார். "படம் நல்லா இருக்கும்மா. ஆனா அந்த முதுகு என்னுது இல்ல. எம் முதுகுல ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம். பரவாயில்ல, இருக்கட்டும், எனக்கு இன்னும் பாதுகாப்பு."

அக்கா என்னைப் பார்த்த பார்வைக்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம். பத்தே நிமிஷத்தில் திருத்தம் எழுதிவிட்டு, பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க என்னை விரட்டினார். சனிக்கிழமை திருத்தம் வரும் என்று அவரிடம் சொன்னேன். அவர் குடையை மடக்கி வைத்தார்.

வியாழக்கிழமை காலை, பக்கங்கள் அச்சுக்குப் போக ஒரு மணி நேரம் இருக்கும்போது, தேய்த்த சட்டையும் குடையுமாக அவரே வந்து நின்றார்.

"திருத்தம் போடாதீங்கம்மா."

"ஏன்?"

"பக்கத்து வீட்டுக்கு எம் பொண்ணு போன் பண்ணினா. உங்க படத்தைப் பார்த்தேன்பா, ஞாயித்துக்கிழமை வர்றேன்னா. அவ குரலைக் கேட்டு ஒன்பது வருஷமாச்சு. அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு, இந்தப் படியேறாதேன்னு நான்தான் சொன்னேன்."

அக்காவுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. "காசு இருக்குன்னு வர்ற பொண்ணு, இல்லேன்னு தெரிஞ்சா போயிடுவாளே?"

"போகட்டும்மா. வர்றதையாவது பார்த்துடுவேன்ல?"

அக்கா மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, பழக்கதோஷமோ என்னவோ, "கடைசியா எதை ஆசைப்பட்டு வாங்காம விட்டீங்க?" என்று கேட்டார்.

பெரியவர் யோசிக்கவில்லை. "ஸ்டாம்ப். அவளுக்கு லெட்டர் எழுதி, கவர்ல போட்டு ஒட்டிட்டேன். ஸ்டாம்ப் மட்டும் வாங்கல."

விலை சொல்லாத ஒரே பதில் அது. அக்கா எழுந்து, தானே படியிறங்கிப் போய்த் திருத்தத்தை எடுக்கச் சொன்னார். அந்த இடத்தில் தலைவலித் தைல விளம்பரம் ஒன்று ஏறியது. பல்லைப் பிடுங்கிக்கொண்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவர் மேலே வந்தார்.

திங்கட்கிழமை மகள் வந்தாள். கையில் அந்த இதழ். "திருத்தம் ஏன் இன்னும் வரல?" என்றாள்.

அக்கா கேட்டார், "அப்பாகிட்ட பணம் இருக்குன்னு நினைச்சு நீ வரலையா?"

"கண்டக்டருக்கு ஏது மேடம் பொத்தான் ஆலை? பல் டாக்டர்கிட்ட காத்திருந்தப்ப, எதிர்ல இருந்தவர் புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல பார்த்தேன். இப்படி மெலிஞ்சு போயிட்டாரேன்னு இருந்துச்சு. அதுவும் அதே படியில உக்காந்திருக்காரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து முழுக்க எங்கிட்ட பணக்காரர் மாதிரி நடிச்சாரு. ஃபேன் பக்கத்து வீட்டுது, நாற்காலி எதிர் வீட்டுது. காசுக்குத்தான் வந்தேன்னு நினைச்சிட்டாரு. உங்ககிட்ட ஒண்ணும் இல்லேன்னு தெரியும்பான்னு நான் எப்படிச் சொல்றது, கூனிக்குறுகிப் போயிடுவாரே. நீங்க போடுங்க. அச்சுல வந்தா அவர் மறுக்க முடியாது. அன்னைக்கு நான் பக்கத்துல இருப்பேன்."

அவள் போன பிறகு அக்கா பென்சிலைச் சீவினார். "இத்தனை வருஷம் எல்லார் கணக்கையும் போட்டேன். இந்தப் பொண்ணு கணக்குல தப்புப் பண்ணிட்டேன்" என்றார். பிறகு எழுதினார்:

'பின்பக்கம் பகுதியில் இரண்டு வாரங்களுக்கு முன் வெளியான முதுகு, அந்தக் கட்டுரைக்கு உரியவருடையது அல்ல. அது ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவருடையது. அவரிடம் நாற்பது கோடி இல்லை. ஒரு மகள் இருக்கிறாள். தவறுக்கு வருந்துகிறோம்.'

ஆசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மகள் விஷயம் எதுக்கும்மா இதுல?"

"சரிபார்த்துட்டேன் சார்" என்றார் அக்கா.

சனிக்கிழமை முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அந்தத் தெருக்கோடிக்குப் போனோம். பெரியவர் படியில் இருந்தார். மகள் அவருக்குப் பின்னால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வரிக்கு அடியில் விரலை வைத்து மெல்லப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்துவிட்டுத் திரும்பி மகளைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சேதான் வந்தியா?"

"உங்க முதுகு எனக்குத் தெரியாதாப்பா?"

அவர் படியில் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். பழக்கத்தில் என் கை கேமராவைத் தூக்கியது. அக்கா லென்ஸை உள்ளங்கையால் மூடினார். அதனால் அந்தப் படம் மட்டும் என் பெட்டியில் இல்லை.