திரிகால மணிக்கு எழுந்த கை

ஏலாக்குறிச்சிப் பக்கத்துச் சவேரியம்மாள், வயலில் குனிந்திருந்தாலும் காலை, உச்சி, மாலை என மூன்று வேளையும் மாதா கோயிலில் ஜெபத்துக்கு அடிக்கும் திரிகால மணி கேட்டால் நிமிர்ந்து சிலுவை போடுகிறவள்.

1946 சம்பா அறுவடையில், அவளுடைய ஐந்து வயது மகள் அருளாயி வரப்பு தடுக்கி அரிவாள் மேல் விழுந்தாள். இடது கழுத்தில் பெரிய ரத்தக்குழாய் வெட்டுப்பட்டது. சவேரியம்மாள் காயத்தில் விரலை அழுத்திக்கொண்டே வண்டியேறினாள்.

"அரியலூர் வர்ற வரைக்கும் கையை எடுத்துடாத புள்ள!" என்று புருஷன் சந்தியாகு மாட்டை விரட்டினான்.

"எடுப்பனா? நீங்க ஓட்டுங்க."

வழியில் ஒரு மாதா கோயிலில் உச்சி வேளைத் திரிகால மணி அடித்தது. அவளைக் கேளாமலே கை நெற்றிக்குப் போய்விட்டது. ரத்தம் பீறிட்டது. பதறிப்போய் மறுபடி அழுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாயைக் கட்டி உயிரைக் காப்பாற்றினார். ஆனால் பிள்ளையின் வலது கை அசையவில்லை.

"மூளைக்கு ரத்தம் போற குழாய்மா. அதைக் கட்டினா இப்படி ஆகறது உண்டு. உங்க மேல தப்பில்ல."

"நான்தான் கையை எடுத்தேங்க சார்."

ஆண்டவர் அதைக் குற்றமாக எண்ணியிருக்கமாட்டார். அவள்தான் எண்ணினாள். அதன்பிறகு சாகும்வரை, மணியடித்தால் மகளின் விளங்காத கையைத் தூக்கி அவளுக்குச் சிலுவை போட்டுவிடுவாள். தன் கையை நெற்றிக்குக் கொண்டுபோனதேயில்லை.