நாலு விரக்கடை

முந்திரிக் கட்டை பொக்லைன் பக்கெட்டின் சங்கிலியிலிருந்து நழுவி உருண்டபோது மச்சான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். இரண்டடி போதவில்லை. கட்டையின் வேர் அவர் செருப்பைப் பிய்த்துக்கொண்டு போனது. கால் எப்படித் தப்பியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி ஓடினேன். அவர் ஒற்றைக் காலில் நின்றபடி சிரித்தார்.

“ஒண்ணுமில்ல மாப்ள, செருப்புதான் போச்சு. நீ போய் ஏறு, வெயில் வர்றதுக்குள்ள முடிச்சுருவோம்.”

மச்சான் என் அக்காவின் கணவர். என்னிடம் இருப்பது ஒரு குட்டி பொக்லைன், மூன்று டன் வண்டி. மீன்சுருட்டி, கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் காய்ப்பு நின்றுபோன முந்திரி மரங்களை வெட்டி விற்றுவிடுவார்கள். அடிக்கட்டை மண்ணிலேயே கிடக்கும். அதைப் பெயர்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. பக்கெட் மண்ணை அள்ளும், தோண்டும். ஆனால் கட்டையைப் பிடிக்காது. தூக்கினால் ஒரு பக்கமாகச் சரிந்து விழும். அதனால் ஒருவர் கீழே இறங்கி, கட்டையைச் சுற்றிச் சங்கிலி போட்டு, பக்கெட்டின் கொக்கியில் மாட்டிவிட்டு விலக வேண்டும். பதினொரு வருடமாக அதைச் செய்தவர் மச்சான்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். செருப்புக் கதை எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

“தம்பி, காலையில அவர முழுசா அனுப்புறேன். சாயங்காலம் முழுசா வரணும்” என்றாள். நான் தலையாட்டினேன். வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். “அதுக்காக வேலைய வுட்டு நிறுத்திடாத. வூட்டுல ஒக்கார வெச்சா அந்த மனுசன் ஒடஞ்சு போயிடுவாரு.”

இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். ஆபத்தும் இருக்கக் கூடாது, வேலையும் இருக்க வேண்டும். அடுத்த பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொக்லைன் கைக்கு ‘தம்ப்’ என்று ஒன்று விற்கிறார்கள். பக்கெட்டுக்கு எதிரே கட்டைவிரல் மாதிரி நிற்கும், நுனியில் இரண்டு விரலாகப் பிரிந்த இரும்புக் கொக்கி. பக்கெட் மடங்கும்போது கட்டை இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும், நழுவாது. சங்கிலி தேவையில்லை. சங்கிலி தேவையில்லை என்றால் சங்கிலி போடும் ஆளும் தேவையில்லை. இதை நான் மச்சானிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் தம்ப் பேச்சை எடுத்தாலே பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

விசாரித்தேன். ஹைட்ராலிக் தம்ப் சீட்டில் உட்கார்ந்தபடியே இயங்கும். ஓஸ், வால்வு எல்லாம் தனியாக இழுக்க வேண்டும். அந்த விலைக்கு என் வண்டியில் பாதியை வாங்கிவிடலாம். கோயம்புத்தூரில் ரெடிமேடாகக் கிடைப்பது நல்ல இரும்புதான், ஆனால் அதை மாட்டுகிற இரும்பு ஆணி, அந்த ‘பின்’, என் வண்டிக்குச் சேராது. மூன்றாவது, பெரம்பலூரில் ஒரு பட்டறைக்காரர் அளவு கொடுத்தால் செய்து தருவது. மேனுவல் தம்ப். மூன்று ஓட்டைகள் இருக்கும். கட்டையின் பருமனுக்குத் தகுந்தபடி பின்னைக் கையால் உருவி வேறு ஓட்டையில் போட வேண்டும். விலையும் எனக்குக் கட்டுப்படியானது.

விலை மட்டும் காரணமில்லை. பின்னை மாற்ற ஓர் ஆள் வேண்டும். பக்கெட்டைத் தரையில் வைத்து இன்ஜினை அணைத்த பிறகு மாற்றுகிற வேலை, ஆபத்தில்லாதது. அக்கா கேட்ட இரண்டும் அதில் இருந்தன. எனக்கே என்மேல் ஒரு பெருமை வந்துவிட்டது.

பட்டறைக்காரர் போனில் பொறுமையாகப் பேசினார். “தகடு ரொம்ப கெட்டியா கேக்காதீங்க. கட்டை ஜெயிச்சுதுன்னா தம்ப்தான் வளையணும், உங்க வண்டியோட ஆர்ம் வளையக் கூடாது. அப்புறம், பக்கெட் பல்லுக்குப் பல்லு எவ்வளவு இடைவெளின்னு சரியா சொல்லுங்க. தம்ப்போட ரெண்டு விரலும் பக்கத்துப் பக்கத்துச் சந்துல எறங்கணும்.”

அன்று என் டேப் மண்ணில் விழுந்து ஸ்பிரிங் போயிருந்தது. எனக்கோ அவசரம். சீட்டிலிருந்தபடியே மச்சானைப் பார்க்கச் சொன்னேன். அவர் பக்கெட்டின் பற்களுக்கு நடுவே நாலு விரலையும் சேர்த்து நிமிர்த்திச் செருகினார்.

“நாலு விரக்கடை. கச்சிதமா நாலு. குறிச்சுக்க மாப்ள.”

எங்கள் பக்கம் வயலில் நிற்கும் தண்ணீரையும் நாற்றுக்கு நாற்று விடும் தூரத்தையும் ஒரு விரலின் அகலமான விரற்கடையில்தான் சொல்வார்கள். மச்சான் சொன்ன அளவு ஒரு நாளும் பிசகியதில்லை. ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரற்கடை, ஒரு சாண் ஒன்பது அங்குலம், ஆக ஒரு விரற்கடை முக்கால் அங்குலம். மனதிலேயே கணக்குப் போட்டு, மூன்று அங்குலம் என்று பட்டறைக்காரருக்கு அனுப்பிவிட்டேன்.

தம்ப் வந்தது. ஜெயங்கொண்டத்திலிருந்து வெல்டரை வரவழைத்து ஆர்மில் அடித்தகட்டை ஒட்டி, தம்ப்பை அதில் பின் போட்டு மாட்டினோம். முதல் கட்டையைப் பிடிக்கலாம் என்று பக்கெட்டை மடக்கினேன். தம்ப்பின் ஒரு விரல் சந்தில் இறங்கியது. இன்னொன்று பல்லின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. இரும்போடு இரும்பு உரசிக் கிறீச்சிட்டது. அந்த முந்திரித் தோட்டத்துக்குச் சொந்தக்காரர், தோட்டக்காரர், வாய்விட்டுச் சிரித்தார். விறகு அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். அக்கா சின்ன வயதிலிருந்தே சொல்லித் திட்டுவது அது. கீழே குதித்தேன். அந்தப் பத்து நாளும் மச்சான் வேறு பக்கம் பார்த்ததும், பீடி பிடித்ததும், தம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாததும் சேர்ந்து வந்து தலைக்கு ஏறின.

“வேல போயிடும்னு பயந்துகிட்டு வேணும்னே அளவ மாத்திச் சொன்னீங்களா மச்சான்?”

எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். மச்சான் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். பக்கெட்டைக் கழற்றத் தொடங்கினார்.

பக்கெட்டையும் தம்ப்பையும் ஒரு குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு பெரம்பலூருக்குப் போனோம். டிரைவர் பக்கத்தில் நான், ஜன்னலோரம் மச்சான். அரியலூர் தாண்டும் வரை சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். டிரைவர் மட்டும் மழையைப் பற்றி இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பட்டறைக்காரர் டேப்பை வைத்துப் பார்த்தார். “நாலு அங்குலத்துக்கு ஒரு நூல்தான் கொறையுது. நீங்க மூணுன்னு அனுப்பியிருக்கீங்களே சார்?”

“இவருதான் நாலு விரக்கடைன்னாரு” என்றேன். அப்போதும் என் குரலில் குற்றச்சாட்டு இருந்தது.

“எங்க, கையக் காட்டுங்கண்ணே” என்றார் பட்டறைக்காரர்.

மச்சான் கையை நீட்டி வேலை மேஜைமேல் வைத்தார். பட்டறைக்காரர் தன் கையைப் பக்கத்தில் வைத்தார். அவரும் காலமெல்லாம் இரும்போடு கிடப்பவர்தான். ஆனாலும் மச்சானின் நான்கு விரல்கள் இருந்த இடத்தில் அவருடையவை ஐந்து இருக்கும். ஆள்காட்டி விரலின் கணு புடைத்து நின்றது. நடுவிரல் நசுங்கிப் பட்டையாகி, நகம் குறுக்காக வளர்ந்திருந்தது. மோதிர விரல் மடங்காது போலிருந்தது. சங்கிலிக்கும் கட்டைக்கும் நடுவே அவை எத்தனை தடவை சிக்கினவோ. ஒவ்வொரு தடவையும் நான் மேலே சீட்டில் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் ஒண்ணுமில்ல என்று சொல்லியிருப்பார், நானும் நம்பியிருப்பேன்.

பட்டறைக்காரர் அந்த விரல்களின்மேல் டேப்பை வைத்துப் படித்தார். நாலு அங்குலத்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைவு. மச்சான் சொன்ன அளவு மயிரிழைகூடப் பிசகவில்லை. முக்கால் அங்குலம் என்று கணக்குப் போட்டவன் நான். பதினொரு வருடம் பக்கத்திலேயே இருந்த கையைப் பார்க்காதவனும் நான்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. வெளியே வந்து, “மன்னிச்சுடுங்க மச்சான், வாய்க்கு வந்தத பேசிட்டேன்” என்றேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றார். கையை மட்டும் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

பட்டறைக்காரர் தம்ப்பின் ஒரு விரலை வெட்டித் தள்ளி வைத்து அன்றே ஒட்டிக் கொடுத்தார். அதற்குக் காசு கேட்கவில்லை.

மறுநாள் மச்சான் வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு முன்பே தோட்டத்தில் நின்றார். எனக்கு உயிரே திரும்பி வந்தது போலிருந்தது. பக்கெட்டை மடக்கியதும் தம்ப்பின் இரண்டு விரல்களும் சந்துகளில் சுத்தமாக இறங்கின. முதல் கட்டை குழியிலிருந்து வேரோடு மேலே வந்தது, அசையவில்லை. மச்சான் இருபதடி தள்ளி நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் ஒரு சுள்ளிகூட விழவில்லை. அக்கா கேட்ட இரண்டும் கிடைத்துவிட்டன என்று நினைத்தேன்.

அடுத்தது பெரிய கட்டை. பக்கெட்டைத் தரையில் வைத்து இன்ஜினை அணைத்தேன். மச்சான் வந்தார். பின்னை உருவி, வெளி ஓட்டையில் போட்டு, கிளிப்பை மாட்டி, இழுத்தும் பார்த்தார். இருபதடி விலகிப் போய் நின்றுகொண்டு கையைத் தூக்கினார்.

“ஆச்சுங்க. இனிமே ஓட்டுங்க.”

தோட்டக்காரர் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எப்போதும் மாப்ள, நீ என்று கூப்பிடுகிறவர், அதை என்னிடம்தான் சொல்லியிருந்தார்.