வேலிக்கு அடியால் வந்த எண்ணெய்

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதம், கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கிணறு இறைக்கப் போயிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஓரிடத்தில் ஒரு வருடம் நிலைத்து நின்றதில்லை. வெங்காயம் கிண்டுவது, மேசனுக்குக் கல் சுமப்பது, கிணறு வெட்டுவது என்று கிடைத்ததைச் செய்வேன்.

அந்த வீட்டில் ஒரு அக்கா தனியாக இருந்தார். அந்தச் சின்ன ஒழுங்கைத் தெருவில் மற்றக் கிணறுகள் எல்லாம் உவர் என்பதால், அயலட்டை முழுவதும் குடத்தோடு அங்கேதான் வருமாம். இப்போது தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தது. ஒருவரும் வருவதில்லை.

ஊற்றியது பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று அக்கா முடிவு கட்டியிருந்தார். வேலிக் கதியால் தடியை ஒரு முழம் தள்ளி நட்டதில் தொடங்கிய வேலிச் சண்டை அது.

“குடிக்கிற தண்ணிக்கை மண்ணெண்ணெய் ஊத்திற மனிசன் உருப்படுமோ?” என்று வேலியைப் பார்த்துக் கேட்டார்.

“மண்ணெண்ணெய் விக்கிற விலைக்கு உன்ரை கிணத்துக்கை ஊத்த எனக்கென்ன விசரோ?” என்று வேலிக்கு அங்காலிருந்து பதில் வந்தது.

இரண்டு நாள் என் இறைப்பு இயந்திரத்தை வைத்து இறைத்தேன். மாலையில் தெளிந்திருக்கும் தண்ணீர், காலையில் பார்த்தால் மறுபடி வர்ணம் வர்ணமாக மினுங்கும். மூன்றாம் நாள் முழுவதும் வற்ற இறைத்துவிட்டு உள்ளே இறங்கினேன். மேற்குப் பக்கப் பாறை வெடிப்பில் கறுப்பாக ஒரு கசிவு. விரலால் தொட்டு மணந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் இல்லை, வாகனத்தில் கழித்த ஒயில். அந்த மணத்தோடு எட்டு மாதம் சீவித்தவன் நான்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, அதே ஒழுங்கையின் மேற்கு முடிவில் இருந்த கராஜ் ஒன்றில் வேலை செய்தேன். கழித்த ஒயிலைப் பின்வளவுப் பாழ்கிணற்றில் ஊற்றச் சொல்வார் முதலாளி. நானும் வாளி வாளியாக ஊற்றினேன். எவ்வளவு ஊற்றினாலும் கிணறு நிரம்பாது. நல்ல தாகம் பிடித்த கிணறு என்று சிரித்தோம். எங்கள் மண்ணுக்குக் கீழே ஓட்டை ஓட்டையாகச் சுண்ணாம்புக்கல்தான் என்பது கிணறு வெட்டிய எனக்குத் தெரியும். தெரிந்தும் அது எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை.

மேலேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

“தம்பி, இண்டைக்குப் பொலிசிலை எழுதிக் குடுக்கப் போறன். நீயும் வா. எத்தினை தரம் இறைச்சனி எண்டு சாட்சி சொல்லு.”

இயந்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். பல இடங்களிலிருந்து அப்படிப் போனவன்தான். ஆனால் ஒன்றும் செய்யாத மனிதர் ஒருவர் வேலிக்கு அங்கால் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். ஏறி வந்தேன்.

“பொலிசுக்குப் போகாதேங்கோ அக்கா. அது நான் ஊத்தினது.”

“வெயில் தலைக்கு அடிச்சிட்டுதோ? நீ முந்தநாள்தானே வந்தனி?”

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டு அண்ணையும் படலையைத் திறந்துகொண்டு வந்து நின்று கேட்டார். என் விரலைப் பிடித்து மணந்து பார்த்துவிட்டு, “ஒயில்தான்” என்றார். அக்கா கிணற்றுக்கட்டில் குந்திவிட்டார். இருவரும் என்னை ஏசவில்லை.

“அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் உந்த ஒயிலையோ குடிச்சனாங்கள்?” என்று மட்டும் அக்கா கேட்டார்.

அடுத்த நாள் மூவருமாகச் சுகாதாரப் பரிசோதகரிடம் போனோம். தண்ணீரைப் பரிசோதித்து, குடிக்க வேண்டாம் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். ஒழுங்கையில் வீடு வீடாக நானே போய் நடந்ததைச் சொன்னேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். கராஜ்காரர் பாழ்கிணற்றை மூட வேண்டி வந்தது. ஆனால் கல்லுக்குள் போனது போனதுதான். இப்போது அங்கே தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. அக்காவும் அண்ணையும் ஒரே வரிசையில் தண்ணீர்க் கானோடு நிற்கிறார்கள், கதியால் சண்டை தீராமலே.

பிழையை ஒத்துக்கொண்டால் மனப்பாரம் இறங்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இறங்கவில்லை. நான் வாய் திறந்ததில் ஒரு மனிதர் பழியிலிருந்து தப்பினார், தண்ணீர் தப்பவில்லை.