அப்பா சாப்பிட்ட குழம்பு

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. எழுபதுகளின் கடைசியில், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் சமைப்பேன். எது வைத்தாலும் "நல்லாதான் இருக்கு லா" என்பார். என் கைமணத்தைத் தோழிகளிடம் பீற்றிக்கொள்வேன்.

ஒருநாள் அடுப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது குழம்பிலும் சிந்தியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு, கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா முதல் வாயிலேயே துப்பினாள்.

"மண்ணெண்ணெய் நாத்தம் கூடவா உங்களுக்குத் தெரியல?"

அப்பா கை கழுவிக்கொண்டே சொன்னார். "புல்லு மருந்து அடிச்சு அடிச்சு வாசனையும் ருசியும் போயி மூணு வருஷமாச்சு. கங்காணி காதுல போட்டுறாதீங்க. வேலை போனா தோட்டம் குடுத்த இந்த லைன் வீடும் போயிடும்."

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு அவர் இன்னும் எட்டு வருஷம் மலையேறினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த எட்டு வருஷமும் சோறு போடும்போதே, "இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்ப்பா" என்று நானே சொல்லிவிடுவேன்.

அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆமா, தூக்கல்தான்" என்பார்.