அக்கா ஊசியைக் கீழே வைத்த நாலு நாள்

என் அக்காவுக்கு ஊஞ்சலில் உட்கார்ந்தாலே குமட்டும். பஸ்ஸில் ஏறினால் இரண்டாவது நிறுத்தத்துக்குள் முகம் வெளுத்துவிடும். லிஃப்டில் ஏறமாட்டாள். ஆறாவது மாடியில் இருக்கும் என் வீட்டுக்குப் படியேறித்தான் வருவாள். வந்ததும் நாற்காலியில் தொப்பென்று விழுந்து, "உனக்குத் தரையில வீடே கெடைக்கலியாடி?" என்று என்னையே திட்டுவாள்.

அவள் தையல்காரி. நாற்பத்தோரு வருடமாக ஒரே கடை, ஒரே மிஷின். கழுத்தில் எப்போதும் தொங்கும் இன்ச் டேப்பே அவளுக்குப் பெயராகிவிட்டது. 'இன்ச் டேப் அக்கா' என்று கேட்டால் தெருவில் யாரும் வழி சொல்வார்கள். கிழிந்த பை, ஜிப் போன பேன்ட், இடுப்பு பெருத்தவர்களின் பாவாடை எல்லாம் அவளிடம்தான் வரும். மூக்கின்மேல் கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி, கண் ஊசி முனையில், கால் மிதியில். அந்தக் கடைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அது திறந்து நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அதன் முன்னால் துணி அடுக்கிவைத்திருப்பாள்.

இப்பேர்ப்பட்டவளை நாலு நாள் சொகுசுக் கப்பலில் ஏற்றியது அவள் பெற்ற மகள்.

மகள் துறைமுகத்தில் பைலட். நடுக்கடலிலிருந்து வரும் பெரிய கப்பல்களுக்கு எங்கள் துறைமுகத்தின் பாறையும் மணல்திட்டும் தெரியாது. அதனால் இவள் சின்னப் படகில் எதிர்கொண்டு போய், ஓடுகிற கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் நூலேணியைப் பிடித்து ஏறி, கப்பலை உள்ளே கொண்டுவந்து கரையோடு சேர்த்துக் கட்டவைப்பாள். பதினோரு வருடமாகச் செய்கிறாள். அந்தப் பதினோரு வருடமும் அக்காவுக்குச் சரியான தூக்கம் கிடையாது. "படகுக்கும் கப்பலுக்கும் நடுவுல விழுந்தா பிசைஞ்ச மாவுதான்" என்று யாரோ புண்ணியவான் சொல்லிவைத்துவிட்டான். அன்றிலிருந்து ஒரே பாட்டு: ஏணி வேண்டாம், அலுவலகத்தில் மேஜை வேலை இருக்கிறதே, அதை வாங்கிக்கொள்.

இந்த வருடம் மகள் சலித்துப்போனாள். விண்ணப்பத்தை எழுதி, கையெழுத்து மட்டும் போடாமல் கொண்டுவந்து மிஷின்மேல் வைத்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா, ஒரே ஒரு தடவ நேர்ல வந்து பாரு. பாத்துட்டு அப்பவும் வேண்டாம்னா, நான் பேசாம கையெழுத்துப் போட்டுடறேன். பாக்காமலே சொன்னா எப்படிம்மா?"

"எனக்குத்தான் கடல் ஒத்துக்காதே!"

"நாலு நாள் கப்பல் ஒண்ணு இருக்கு. போயிட்டு இங்கயே திரும்பி வரும். திரும்பி வர்ற காலையில எனக்குத்தான் டியூட்டி. நீயும் சித்தியும் அதுல இருங்க. ஏழு மணிக்கு மேல்தளத்துல நின்னு கீழ பாத்தா போதும். நின்னு பாக்க முடியாம ரூம்லயே படுத்துட்டியா, அப்பவும் உன் இஷ்டம்தான். மேஜைக்குப் போயிடறேன்."

அக்கா ஒப்புக்கொண்டாள். எப்படியும் படுத்துவிடுவோம், பேச்சு முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஒப்புக்கொண்டாள் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். என் அக்காவை எனக்குத் தெரியாதா!

மகள் எங்களுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், ஜன்னல் இல்லாத அறை போட்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மின்சார அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் ஊர்க்காரர்களின் புகாரை வாங்கியவள் நான். ஒரு தடவையாவது நானும் கொடுக்க வேண்டாமா? நேரே கவுன்டருக்குப் போய்ச் சண்டை பிடித்து, உச்சித் தளத்தில், முன் மூக்கில், பெரிய ஜன்னல் வைத்த அறையாக மாற்றி வாங்கினேன். ஆட்டம் குறைவாக இருக்கும் இடம் என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பெண் கீழ் அறையை எடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லியும் இருக்கிறாள். என் காதில்தான் ஏறவில்லை.

அக்கா தன் பங்குக்கு மூன்று காரியம் செய்திருந்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே வர என்ன இருக்கிறது என்று முந்தின நாளிலிருந்தே பட்டினி. வாந்தி மாத்திரையை, வாந்தி வந்தால் போட்டுக்கொள்வோம் என்று பையின் அடியில் பத்திரமாக வைத்திருந்தாள். மூன்றாவதுதான் உச்சம். மனதை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று, பொத்தானுக்குக் காஜா எடுக்க வேண்டிய பள்ளிக்கூடச் சட்டைகள் இருபத்து மூன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். உடுத்த இரண்டு செட் துணி, வேலைக்கு இருபத்து மூன்று சட்டை. விடுமுறைக்குப் போகிற லட்சணம்!

துறைமுகம் தாண்டியதும் ஆட்டம் ஆரம்பித்தது. அக்கா கட்டிலில் சாய்ந்து, கண்ணாடியைப் போட்டு, ஊசியில் நூல் கோத்தாள். நாலாவது காஜாவில் ஊசி நின்றது. அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம். குடல் வாய்க்கு வந்தது என்று சொன்னால் போதும். மாத்திரையைக் கொடுத்தேன், அது போன வேகத்தில் திரும்பி வந்தது. துறைமுகத்திலிருந்து எங்களை வெளியே கொண்டுவிட்ட வேறொரு பைலட் அப்போது நூலேணியில் இறங்கினாராம். எங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? நான் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலும் அதே கதை. சற்றுத் தெளிந்தால் எழுந்து சட்டையை எடுப்பாள், இரண்டு தையல் போடுவாள், விழுவாள். "கை சும்மா இருந்தாத்தான்டி எனக்கு வருது" என்பாள். நானும் நம்பினேன்.

அறை துடைக்க வந்த அம்மாள்தான் வாசலிலேயே நின்று கத்தினாள். "அய்யய்யோ! ஊசிய முதல்ல கீழ வைங்கம்மா!"

நான் விறைத்துக்கொண்டு, "அது அவங்க தொழிலு. உனக்கென்ன?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க. ஒன்பது வருஷமா கப்பல்ல துடைக்கிறேன். முதல் மூணு வாரம் நான் துடைச்சதெல்லாம் நான் எடுத்த வாந்திதான். காது ஆடுதுன்னு சொல்லுது, கண்ணு ஊசி முனையையே பாத்துக்கிட்டு ஆடலைன்னு சொல்லுது. வயிறு யாரு பேச்சக் கேக்கும்? தூரமா பாக்கணும்மா. கிட்ட எதையும் பாக்கவே கூடாது. இந்த ரூம்ல வேற இருக்கீங்களே! கப்பல்லயே அதிகமா குதிக்கிற ரூம் இதுதான். யாரு குடுத்தது இத?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவளே அக்காவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நாலாவது தளத்தின் நடுவில் இருந்த திறந்த நடையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். காய்ந்த ரொட்டித் துண்டும் பச்சை ஆப்பிள் கீற்றும் கொண்டுவந்து, பட்டினி கிடக்கக் கூடாது, முழு வயிறும் கூடாது, கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். தண்ணீரை மடமடவென்று குடிக்காமல் ஒவ்வொரு வாயாகக் குடிக்கச் சொன்னாள். மாத்திரையை ஆட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டுமாம், வந்த பிறகு போட்டால் பாதி வீண்தானாம். கடைசியாக அக்காவின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தாள்.

"தண்ணியும் வானமும் தொடுற கோடு தெரியுதாம்மா? அது மட்டும் ஆடாது. அதப் புடிச்சுக்குங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

நாற்பத்தோரு வருடமாக ஒரு சாண் தூரத்துக்குமேல் பார்க்காத கண் அது. கிட்டத்தில்தான் அவளுக்குக் கண்ணாடி வேண்டும், தூரம் கண்ணாடிச் சில்லு மாதிரி தெளிவாகத் தெரியும். அது அவளுக்கே மறந்துபோயிருந்தது. அரை மணி நேரம் அந்தக் கோட்டிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. எனக்குப் பயம் வந்து தோளைத் தொட்டேன்.

"அம்மாடி," என்றாள். "இதுக்கு ஓரமே இல்லியாடி?"

"இல்லக்கா."

"இவ்வளவா? இவ்வளவுமா இத்தன நாளும் இங்கயே இருந்துச்சு?"

நான் கேலி செய்யத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். நிறம் மாறிக்கொண்டே இருந்தது கடல். ஓரிடத்தில் கறுப்பு, ஓரிடத்தில் பச்சை, மேகம் நகர்ந்தால் திடீரென்று வெள்ளி. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் மேல் சிலிர்த்தது, பொய் சொல்வானேன்.

அதன்பின் அக்கா அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. ஆப்பிளைக் கொறித்துக்கொண்டு, கோட்டைப் பார்த்துக்கொண்டு, வருகிற போகிறவர்களிடம் "கிட்டப் பாக்காதீங்க" என்று வைத்தியம் வேறு சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எங்கள் அறையையும் பழையபடி கீழேயே மாற்றித் தந்தார்கள். இந்தத் தடவை கவுன்டரில் நான் குரலே உயர்த்தவில்லை.

மூன்றாம் நாள் மாலை ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். விடிந்து துறைமுகத்தை நெருங்கும்போது அலை கொஞ்சம் பெரிதாக இருக்குமாம். அக்கா என்னைப் பார்த்தாள். "பெரிய அலையில ஏணியில எப்படிடி ஏறுவா?" என்றாள். சோகம் என்னவென்றால், இப்போது அவளுக்குப் படுத்துக்கொள்ள வாந்தியும் இல்லை.

நாலாம் நாள் ஆறு மணிக்கே மாத்திரை, இரண்டு ரொட்டி, ஒரு வாய் தண்ணீர். ஏழுக்கு மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என் அக்கா. நானோ, எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று மாத்திரை போடவில்லை. காலையிலேயே தட்டு நிறைய முட்டையும் கேக்கும் அள்ளித் தின்றுவிட்டு வந்திருந்தேன். பத்தே நிமிடம். கம்பியில் தலையைக் கவிழ்த்துவிட்டேன்.

"அதோ," என்றாள் அக்கா.

"எங்க?"

"நிமிந்து தூரமா பாரு. ஆரஞ்சுப் புள்ளி."

சுற்றிலும் அத்தனை பேர் நின்றார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. இரண்டு நாளாக அந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டிருந்தவள் கண்ணில்தான் முதலில் பட்டது. புள்ளி அலைக்குள் காணாமல் போகும், அக்காவின் நகம் என் கையில் இறங்கும். மறுபடி எழும்பும், நகம் தளரும். எழும்ப எழும்பப் புள்ளி படகாயிற்று. படகின் மேல் ஆரஞ்சு மிதவைக் கோட்டுப் போட்ட ஒரு ஆள். எங்கள் பெண்.

கீழே கப்பலின் பக்கக் கதவைத் திறந்து நூலேணியைத் தொங்கவிட்டார்கள். இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அந்தப் படகு ஒரு செருப்பு அளவுதான். அவள் விளிம்பில் வந்து நின்றாள். படகு எழும்பியது. ஒரு காலைத் தூக்கினாள். சட்டென்று படகு கீழே இறங்கியது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எனக்கு வாந்திகூட நின்றுபோயிற்று. அக்காவின் வலது பாதம் மட்டும் தளத்தின் மேல் மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டிருந்தது, மிஷினை மிதிக்கிற மாதிரி.

"இப்ப இல்ல," என்றாள் தனக்குள். "இப்பவும் இல்ல. ம், இப்ப!"

அதே நொடியில் அலை உச்சத்தில் மகள் ஏணியைப் பிடித்துவிட்டாள். படகு காலடியிலிருந்து நழுவிக் கீழே போயிற்று. அவள் போகவில்லை. ஒரு படி, இரண்டு படி, நிற்காமல், நிமிர்ந்து பார்க்காமல் ஏறிக் கதவுக்குள் போய்விட்டாள்.

பக்கத்தில் நின்ற தொப்பிக்காரர், "பொம்பளப் புள்ளையா அது!" என்றார்.

"என் பொண்ணு," என்றாள் அக்கா.

சற்று நேரத்தில் கப்பல் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. பதினான்கு மாடி, இரண்டாயிரம் ஜனம், நீச்சல் குளம், நாங்கள், காஜா எடுக்காத சட்டைகள், எல்லாம் ஒன்றாகத் திரும்பி, அலை தடுக்கும் சுவருக்குள் ஒரு சத்தமில்லாமல் நுழைந்தது.

"இத்தனையையும் அவளாடி திருப்பறா?"

"அவதான்க்கா. கேப்டன் பக்கத்துல நின்னு அவ சொல்ற மாதிரிதான் போகுது."

"லேட்டா வந்தா திட்டுவேனே அவள," என்றாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

இறங்கித் தரையில் கால் வைத்தால், தரை ஆடியது. எனக்குத்தான் ஆடியது, அக்கா நேராக நடந்தாள். கப்பல் நின்ற மேடையிலேயே மகள், முன்பக்கம் திறந்த மிதவைக் கோட்டோடு, காத்திருந்தாள். சட்டைப் பையில் மடித்த விண்ணப்பம் தெரிந்தது. எத்தனையோ கப்பலைக் கரை சேர்த்தவள், அம்மா முகத்தைப் பார்க்கப் பயந்து நின்றாள்.

"பாத்தியாம்மா?"

அக்கா கிட்டே போனாள். "கோட்டக் கழட்டு," என்றாள்.

பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. மறுபேச்சு பேசாமல் கழற்றிக் கொடுத்தாள்.

அக்கா அங்கேயே, கயிறு கட்டும் இரும்புக் குமிழின் மேல் உட்கார்ந்தாள். கோட்டை உள்பக்கம் திருப்பினாள். "வலது அக்குள்ள தையல் விட்டிருக்கு. மேலேருந்தே பாத்தேன். ஏணியப் புடிக்கக் கையத் தூக்கறப்போ இழுக்குது. ஒரு துண்டு வெச்சு ரெட்டைத் தையலாப் போடணும். இத எவன் தெச்சான்? தையல்காரி பெத்த பொண்ணு இதப் போட்டுக்கிட்டா தொங்குவா?"

மகள் மெதுவாகக் கேட்டாள். "மேஜைக்குப் போறவளுக்கு இது எதுக்கும்மா?"

"எந்த மேஜை?" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். "அதக் கிழிச்சுப் போடு முதல்ல. இன்னும் இருபது வருஷம் தாங்கற மாதிரி தெக்கணும் இத. என்னப் பேச வைக்காத."

பையிலிருந்து ஊசியை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டாள். நூல் ஊசிக் காதுக்குள் போகவில்லை. ஈரமான கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி முயன்றாள், போகவில்லை. நாற்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக ஊசியை என்னிடம் நீட்டினாள். நான் கோத்துக் கொடுத்தேன்.