கன்னியம்மாவின் கொசுறு

தற்காலிக ஆஸ்பத்திரியாக்கிய மாமல்லபுரம் பள்ளிக்கூட அறையில் டாக்டர், நர்ஸ், பினாங்கிலிருந்து அவர்களோடு உதவிக்கு வந்த டிரைவர் நான், வெந்நீரில் துணி அவித்துத் தரும் மீன்காரி கன்னியம்மா, மேசையில் வயிறு திறந்து மயக்கத்தில் கிடக்கும் வலைக்காரர் ஏழுமலை.

ரத்தம் ஒற்ற உள்ளே வைத்த துணிகளைத் திரும்ப எண்ணுவது என் வேலை. கன்னியம்மாவிடம் பத்து கேட்டோம், உள்ளிருந்து பத்தும் வெளியே வந்துவிட்டது. டாக்டர் தைக்க ஊசியை எடுக்கிறார்.

"இரு டாக்டரு! உள்ள இன்னும் ஒண்ணு கீது. தட்டுல பத்துக்கு மேல ஒண்ணு கொசுறு வச்சேன், தட்டு இப்ப காலி," என்கிறாள் கன்னியம்மா.

"கொசுறு யார் கேட்டது?" என்கிறேன்.

"கேட்டுக் குடுத்தா அது கொசுறா அண்ணாத்த? மீன் விக்கிற கை, எண்ணி நிறுத்துமா?"

டாக்டர் மறுபடி வயிற்றுக்குள் கை விடுகிறார். ஏழுமலைக்கு மூச்சு இழுக்கிறது. குடலுக்குப் பின்னாலிருந்து ரத்தத்தில் ஊறிய துணி மெல்ல வருகிறது. முதலிலிருந்து எண்ணுகிறேன்.

பதினொன்று.